வாஸ்து மீனுக்கு ஒரு டிரம்

தேயிலைக்கு விலை விழுந்த அந்த ஆண்டுகளில், எங்கள் ஃபேக்டரியில் வேளை தவறாமல் வயிறாரத் தின்றது ஒரே ஒரு ஜீவன்தான். ஆபீஸ் அறையில், ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியில் இருந்த அரவானா மீன். குன்னூருக்கு வெளியே, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி அது. நான் அங்கே ஃபிட்டர். கோயம்புத்தூரில் இருந்த முதலாளி, யாரோ சொன்னார்கள் என்று அந்த வாஸ்து மீனை வாங்கி வைத்தார். அது நீந்துகிற வரைக்கும் மிஷின் ஓடும் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பி, நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் வரை போய்விட்டது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பேன். வாரத்தில் மூன்று நாள் மட்டும் மிஷின் ஓடிய காலம். எதையும் நம்ப மாட்டேன் என்று வீம்பு பேசும் தைரியம் யாருக்கும் இல்லை.

தொட்டிக்குள் இருந்த சின்ன ஃபில்டர் அந்த மீனின் தீனிக்கு ஈடுகொடுக்கவில்லை. தண்ணீர் கலங்கி நாற ஆரம்பித்தது. பெரிய ஃபில்டரின் விலையை விசாரித்த முதலாளி போனிலேயே சொன்னார்: "இத்தா பெரிய ரோலரையே கழட்டி மாட்டறே, ஒரு டப்பா பண்ண மாட்டயா?" மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வாய் எனக்கு. "பண்ணிரலாமுங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். இலை கசக்கும் ரோலர் நின்றால் கழற்றிப் பார்க்கலாம். மீன் நின்றால் என்ன செய்வது?

விஷயம் சுலபம்தான். தொட்டிக்குக் கீழே காற்றுப் புகாத டிரம் ஒன்று. தொட்டித் தண்ணீர் குழாய் வழியே தானாக அதில் இறங்கும். ஸ்பாஞ்சு, ஓட்டுச் சல்லி, கரி என்று அடுக்கடுக்காக ஏறித் தெளியும். ஒரு சின்னப் பம்பு அதைத் திரும்பத் தொட்டிக்குத் தள்ளும். ஏர்கூலர் பம்பு போதும் என்று தோன்றியது. குன்னூரில் போய் ஏர்கூலர் பம்பு கேட்டால், குளிரில் மூளை உறைந்தவனோ என்று கடைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வாங்கி, பர்லியார் வளைவுகளில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறி வந்தேன்.

டிரம் மட்டும் தேடாமலே கிடைத்தது. இலை எடை போடும் ஷெட்டுக்குப் பின்னால், இறுக்கும் வளையமும் நல்ல ரப்பர் வைத்த மூடியுமாகக் கிடந்தது. மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புள நோய் வராமலிருக்க, தெளிப்பதற்கு மருந்து கலக்கும் டிரம் அது. இலை விற்ற விலையில் மருந்து எவன் அடிப்பான்? ஒன்றரை வருஷமாகக் காய்ந்து கிடந்தது. சோடா போட்டு மூன்று தடவை கழுவினேன். அந்த மருந்தைக் கையாலேயே கலக்கிவிட்டு அதே கையால் பீடி பற்றவைப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். செடிக்கு மருந்து, அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, குழாய்களைப் பொருத்தி, சிலிக்கான் பூசி ஒரு நாள் காயவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் ஒரு சொட்டுக் கசியவில்லை. ஆனாலும் நிம்மதி வரவில்லை. வீட்டில் சோற்றில் கை வைத்தால், குழாய் கழன்று தொட்டித் தண்ணீர் முழுக்கத் தரையில் ஓடுவது போலவே இருக்கும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். "ஏனுங்க, பேசாம அந்த மீனையே கட்டியிருக்கலாமுங்க" என்றாள் மனைவி.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. மூன்றாம் நாள் காலை பார்த்தால், தொட்டியில் ஒட்டியிருந்த நத்தைகள் எல்லாம் அடியில் உதிர்ந்து கிடந்தன. மீன் ஒரு மூலையில் மேலே வந்து நின்று, செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது. கரப்பான் பூச்சியைப் போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன் வாங்கிய கோயம்புத்தூர் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "செம்பு ஏதாச்சும் தண்ணில பட்டுச்சுங்களா?"

"எல்லாம் பிளாஸ்டிக் தானுங்க" என்று சொல்லும்போதே, மருந்துப் பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்தது கண்முன்னே வந்தது. காப்பர். ஓடிப்போய் மூடியைத் திறந்து ரப்பரைப் பெயர்த்தேன். அதன் பள்ளத்தில் சுற்றிலும் நீலமும் பச்சையுமாகப் படிவு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அதே சூட்டில் மாற்றி, புதுக் கரி நிறையப் போடச் சொன்னார் கடைக்காரர். ஊற்றுத் தண்ணீரை, தூள் காயவைக்கும் டிரையர் அடுப்பில் வெதுவெதுப்பாக்கினோம். கூப்பிடாமலே ஆட்கள் வந்தார்கள். சிலோனிலிருந்து வந்து குடியேறிய டிரையர்காரர், என் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக்கொண்டு, "பயப்படாத தம்பி, இதச் சாக விட மாட்டோம்" என்றார். யார் செய்த தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லார் முகமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்களின் முகமாக இருந்தது. என் மனைவி, குடிதண்ணீர் பிடித்து வைக்கும் திருகுமூடி டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் மறுபடி ஃபில்டர் கட்டினேன். அவசரத்தில் ஒரு ஓட்டை கோணலாகப் போனது.

நான்கு நாள் அது தின்னவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மிஷின் ஓடாத நாள், ஃபேக்டரியில் நான் மட்டும்தான் இருந்தேன். மதியம் போட்ட கரப்பானை லபக்கென்று பிடித்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சாயங்காலம் முதலாளியின் கார் வந்தது. மறைக்கத் தோன்றவில்லை. மருந்து டிரம்மில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொட்டி முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தேறிருச்சா?"

"தேறிருச்சுங்க மொதலாளி."

"அடுத்த மாசத்தோட மூடறம்ப்பா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் மீனைப் பார்த்தபடியே பேசினார். "இது செத்துப்போச்சுன்னு நீ போன் பண்ணியிருந்தீன்னா வேற மாதிரி ஆயிருக்கும். வாஸ்து மீன் செத்தா, நமக்கு வந்த கண்டத்த அது வாங்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லுவாங்க. அந்தத் தெம்புல இன்னொரு வருசம் ஓட்டிப் பாத்திருப்பேன்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. மனதில் இருந்ததை அப்படியே சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. கத்த வேண்டும் போல் ஆத்திரம் வந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை. போகும்போது, "ஃபில்டரையும் பதனமா கழட்டி வெய்யி, மீனோட ஊட்டுக்குக் கொண்டுபோயிர்றேன்" என்றார். "சரிங்க" என்றேன்.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள். "ஏனுங்க, மீன் தின்னுச்சுங்களா?"

"தின்னுச்சு" என்றேன். மேற்கொண்டு சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வெளியே ஓடிவிட்டாள். நான் ஸ்வெட்டரைக் கழற்றுவதற்குள், லைனில் கதவுகள் திறக்கும் சத்தமும் பெண்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டன. "நான் சொல்லல?" என்று டிரையர்காரர் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரை மறுபடி மாட்டிக்கொண்டு, மிச்சத்தைச் சொல்ல வெளியே போனேன்.