சுரண்டிய கம்பி

வெட்டிய கம்பித் துண்டு கீழே விழுந்தது. கம்பத்தின் மேலே தனகோட்டி கட்டிங் பிளேயரை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு முனைகளையும் கிட்டே இழுத்துப் பார்த்தான். எட்டவில்லை.

"இன்னும் எத்தினி இருக்குது?" கம்பத்தின் அடியில், கம்பியோடு கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்திருந்த சாமியம்மாள் கேட்டாள். வாயில் பிளேயர் இருந்ததால் அவன் பெண்டாட்டிக்கு ஒரு விரலைக் காட்டினான்.

சுரங்கப் பள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஷெட்டிலிருந்து மைன்ஸ் ஆபீசுக்குப் போகும் டெலிபோன் லைன் அது. கான்ட்ராக்ட் ஆளாக அதை இழுத்ததும் அவன்தான். பார்த்தால் செம்புக் கம்பி. உள்ளே இருப்பது இரும்பு. செம்பு மேலே தோல் மாதிரிதான். இணைக்குமுன் துணியால் துடைத்தால் போதும் என்று லைன்மேன் கொளஞ்சிநாதன் சொல்லியிருந்தார். தனகோட்டி அதற்குமுன் கரண்டுக் கம்பி இழுத்தவன். அங்கே முழுச் செம்பு. சுரண்டாமல் முறுக்கினால் மேஸ்திரி ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். அந்தப் பழக்கத்தில் இதையும் இணைப்புக்கு இணைப்பு கத்தியால் பளபளவென்று சுரண்டி வைத்தான். பர்மனென்ட் ஆக்கும்போது இந்த அக்கறை யார் கண்ணிலாவது படும் என்றும் நினைத்தான்.

மழை வந்தது. சுரண்டிய இடமெல்லாம் துருப்பிடித்து லைன் செத்தது. அன்றைக்குப் பார்த்து பம்பும் நின்றது. ஆபீசுக்கு ஆள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள், நிலக்கரி வெட்டும் மிஷினின் இடுப்புவரை தண்ணீர் ஏறிவிட்டது.

கொளஞ்சிநாதன் முதல் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கம்பிக்குச் சவரம் பண்ணி வெச்சிருக்கியேடா," என்றார். சிரிக்கவில்லை. நாளைக்கு எஞ்சினீயரே ஏறிப் பார்க்கப்போகிறார், கத்தி பட்ட இடம் ஒன்று தெரிந்தாலும் நீ அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார்.

கெட்ட இணைப்பையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக முறுக்கினால் தப்பிக்கலாம். புதுக் கம்பி கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். இருக்கிற கம்பியிலேயே வெட்டி வெட்டி முறுக்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் கம்பி குட்டையானது. கம்பத்துக்குக் கம்பம் இருந்த தொய்வெல்லாம் தீர்ந்து, லைன் விறைத்து நின்றது. இது கடைசி இணைப்பு. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு முழம்.

சாமியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "போதும்யா. கம்பம் சாயுது. போயி உள்ளத சொல்லிடு."

பிளேயரைக் கையில் எடுத்தான். "சொல்லிட்டு? வூடு இருந்த எடத்துல மைன்ஸ் வந்தாச்சி. பர்மனென்ட் ஆனாத்தான் குவார்ட்டர்ஸ். சாக்குல குடிச கட்டிகினு எத்தினி நாளு ரோட்டோரமா கெடக்கறது? இழு புள்ள."

அவள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். குதிகால் சேற்றில் புதைந்தது. முழம் சாணாயிற்று. சாண் நாலு விரலாயிற்று. முனைகள் உரசின. ஒரு முறுக்கு போட்டான்.

தூரத்தில் எங்கோ, காலையில் போட்ட இணைப்பு ஒன்று நழுவியது. கம்பி சாட்டை மாதிரி சீறிக்கொண்டு வந்தது. சாமியம்மாள் மல்லாந்து விழுந்தாள். அவள் எழுந்து உட்காருவதற்குள், வெட்டி ஒட்டிய லைன் முழுக்கப் பள்ளத்தின் சரிவில் கிடந்தது.

மறுநாள் ஸ்டோரிலிருந்து புதுச் சுருள் வந்தது. கொளஞ்சிநாதனும் பன்னீர்செல்வம் என்ற வேறொரு கான்ட்ராக்ட் ஆளும் லைனை இழுத்தார்கள். மத்தியானம் பம்ப் ஷெட்டில் டெலிபோன் மணி அடித்தது. தனகோட்டியை மைன்ஸ் கேட்டில் உள்ளே விடவில்லை. ஷிப்ட் மாறும்வரை அங்கேயே நின்றான். சாமியம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் அவள் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அவன் வடலூர் வரை நடந்து போய், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தான். இப்போதைக்கு இல்லை என்றார்கள்.