ஐந்து தந்தியைத் தேர்ந்தெடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை ஓல்னேயிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தபோது தொலைபேசியில் அந்த அறிவித்தல் வந்தது. "அமரர் அருமைநாயகம், இறுதிவரை எமது இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவர்." அனுப்பியவர் குழுவின் பொறுப்பாளர். அருமைநாயகம் அவர்கள் இறந்தது உண்மை. மற்றது பொய். கடைசி நான்கு ஆண்டுகள் அந்தக் குழு அவரைத் தன் மேடையில் ஏற்றவில்லை.

ரூ காய் தெருவில் ஓர் உணவகச் சமையலறையில் அவர் வேலை செய்தார். வார இறுதிகளில் கலியாண மண்டபங்களில் கிற்றார் வாசித்தார். பைலா என்னும் ஆட்டப் பாட்டுகளுக்குப் பான்ஜோ வாத்தியம் வேண்டுமென்று பொறுப்பாளர் கேட்டதும், என்னையும் அழைத்துக்கொண்டு பிகாலில் ஒரு கடைக்குப் போனார்.

அங்கே இரண்டு வகை இருந்தன. ஆறு தந்திப் பான்ஜோவுக்குக் கிற்றாரின் சுருதிதான். கிற்றார் தெரிந்தவர் அன்றைக்கே வாசிக்கலாம். அதில் முழுப் பாட்டொன்றை வாசித்தார். கடைக்காரர் தலையாட்டி ரசித்தார். பிறகு அருமைநாயகம் அவர்கள் ஐந்து தந்தியை எடுத்தார். அதில் ஒரு தந்தி குட்டை, கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கும். பெருவிரல் அதைத் தேடித் தடுமாறியது.

"இதுதான்" என்றார்.

"மற்றது உடனை கைக்கு வருதே அண்ணை?"

"அதிலை நான் வாசிச்சது கிற்றார் தம்பி. சத்தம்தான் வேறை. இதிலை எனக்கு ஒண்டும் தெரியாது. அதுதான் வேணும்."

ஒத்திகையில் பொறுப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். "வாற சனி கலியாணம். அண்ணை இப்பதான் அரிச்சுவடி படிக்கிறார்."

"ஓம், படிக்கிறன். ஆறு மாதம் தாரும்."

மூன்று கிழமை கொடுத்தார்கள். நான்காம் கிழமை அவருடைய இடத்தில் வேறொருவர் ஆறு தந்தியோடு நின்றார். அதன் பிறகு கிற்றாருக்கும் அவரைக் கூப்பிடவில்லை.

லா கூர்னெவ் வீட்டின் குளியலறையில், அயலவர்களுக்குக் கேட்காதபடி பான்ஜோவுக்குள் துவாய்த் துண்டு அடைத்து, தினமும் வேலைக்குப் போகுமுன் பழகினார். இரண்டு ஆண்டுகளில் பெருவிரல் படிந்தது. லா சப்பலில் வேறொரு சங்கத்தின் ஒன்றுகூடலில் பத்து நிமிடம் கேட்டு வாங்கினார். ஒலிபெருக்கி மட்டும் பழைய குழுவினுடையது. மூன்றாம் நிமிடத்தில் பொறுப்பாளர் அதை நிறுத்தினார். "சனம் ஆட வந்திருக்கு அண்ணை" என்றார்.

நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து ஒரு சொல் சொல்லவில்லை. "நிகழ்ச்சி சிறப்பாக நடைபெற்றது" என்று நான் செய்தி எழுதும் தமிழ்ப் பத்திரிகையில் எழுதினேன். அதுவும் பொய்.

தகனத்தன்று பொறுப்பாளர் கிற்றார் வடிவத்தில் மலர்வளையமும் கையில் உரையுமாக வந்தார். அருமைநாயகம் அவர்களின் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இவருக்கு மூண்டு நிமிசம்தான் குடுத்தனீங்கள். இஞ்சை நீங்கள் ஒரு நிமிசமும் பேச வேண்டாம்."

மகள் தன் தொலைபேசியைப் பெட்டியின் மேல் வைத்தாள். அவர் குளியலறையில் வாசித்தபோது பதிவுசெய்தது அதில் ஒலித்தது. ஓரிடத்தில் விரல் தவறுகிறது, நின்று, அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. பொறுப்பாளர் உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார். நானும் நின்றேன்.

அருமை அண்ணை, முழுவதும் கேட்டோம். நீங்கள் இருக்கும்போது கேட்கவில்லை. போய் வாருங்கள்.