பங்களா சோபாவில் ஒரு டீனியா

நாடாப்புழு படித்தவளுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதையே தனி. கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு யாரும் அடித்துக்கொண்டு வரமாட்டார்கள். குன்னூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். எந்தப் புழு எந்தப் பேரினம் என்று பிரித்துச் சொல்வதுதான் என் ஆராய்ச்சி. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று என் மாமியார் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். நான் காது கேட்காதவள் மாதிரி சாம்பார் ஊற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

பிரயோஜனம், எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் எஸ்டேட்டிலிருந்து நடந்து வந்தது. அங்கே தொழிலாளர்களின் லைன் வீட்டில் தனியாக இருந்து கொழுந்து பறிக்கிற அக்கா ஒருத்தி. விடிகாலைப் பனியில் அவள் வேலைக்குக் கிளம்பினால் முன்னால் ஓடுவது அவளுடைய செவலை நாய். தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் அதுதான் முதலில் குரைக்கும். ஒரு தடவை அது குரைக்காமல் இருந்திருந்தால் அக்கா இன்றைக்கு இல்லை.

அந்த லைனில் ஒருவருக்கு ஈரலில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. நாய் வயிற்றுப் புழுவால் வருவது என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், டிஸ்பென்சரி கம்பவுண்டருக்குக் கை பரபரத்துவிட்டது. செவலையின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தார், முட்டையைப் பார்த்தார், அந்தக் கட்டியைத் தருகிற ‘எக்கினோகாக்கஸ்’தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். சனிக்கிழமைக்குள் நாயை அப்புறப்படுத்தும்படி மேனேஜர் உத்தரவு போட்டார். அப்புறப்படுத்துவது என்றால் என்னவென்று லைனில் எல்லாருக்கும் தெரியும்.

முட்டையை வைத்துக் கோழியா வாத்தா என்று சொல்லலாம். டீனியா, எக்கினோகாக்கஸ் என்ற இந்த இரண்டு நாடாப்புழுப் பேரினத்தின் முட்டையும் அச்சு அசல் ஒன்று. மைக்ராஸ்கோப்பில் பார்த்து எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. நம் கம்பவுண்டரால் முடிந்தது. அவரிடமிருந்த புத்தகத்தில் அந்த ஒரு படம்தான் இருந்ததாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புத்தகத்தாலேயே அவரை நாலு சாத்தலாம் போலிருந்தது.

அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “ஏனுங்க டீச்சர், அது போயிருச்சுன்னா நானும் வேலைய உட்டுட்டுப் போக வேண்டியதுதானுங்க. காட்டுக்குள்ள யார நம்பிப் போறது?”

நாயிடமிருந்து விழும் புழுத்துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தாள், கிருமிக்கு நல்லது என்று தாராளமாக மஞ்சள்தூளும் கரைத்து. மஞ்சள் பூசிக் குளித்த புழுவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் சேதி தெளிவாகவே இருந்தது. விரல் நகத்தளவு துண்டு, ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு துளை. ஈரல் கட்டிக்குச் சம்பந்தமில்லாத டீனியாதான். எக்கினோகாக்கஸ் என்றால் முழுப் புழுவே ஓர் அரிசிமணிக்கு மேல் வளராது. அதன் துண்டு அக்கா கண்ணில் பட்டே இருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பங்களாவுக்குப் போனேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நூறு சதவீதம் கேரண்டி தருவீர்களா என்றார். அங்கேதான் படிப்பு என் காலை வாரியது. பச்சை ஆட்டுக் குடலும் ஈரலும் தின்கிற நாய்க்கு இரண்டு புழுவுமே வரலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. மாத்திரை கொடுத்தால் இரண்டும் சாகும் என்றேன். ரிஸ்க் எடுக்க முடியாது மேடம் என்று சொல்லி, சோபாவில் படுத்திருந்த தன் சீமை நாயைத் தடவிக்கொடுத்தார். அதற்குப் பரம்பரைச் சான்றிதழே இருக்கிறதாம்.

அந்தப் பரம்பரையின் வாலுக்குக் கீழே, குஷன்மேல், வெள்ளையாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. மேனேஜரின் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில்.

பையிலிருந்து இடுக்கியை எடுத்தேன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அதை வைத்து அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸையும் அவர் கையிலேயே கொடுத்தேன். ஓர் ஓரம், ஒரு துளை. ஆட்டுக் கழிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டேன். பின்கட்டில்தான், ஞாயிற்றுக்கிழமை லைன் செவலையும் வந்து கூடவே தின்னும் என்றார் அந்த அப்பாவி.

கம்பவுண்டர் பார்த்தால் இதற்கும் அதே முட்டைதான் தெரியும், நாளைக்கு இரண்டு நாயையும் சேர்த்தே அப்புறப்படுத்திவிடலாமா என்று பணிவாகக் கேட்டேன். பணிவு எனக்கு அபூர்வமாகத்தான் வரும்.

மறுநாள் காலையில் அந்த எஸ்டேட்டில் விஞ்ஞானம் வெகுவாக முன்னேறியிருந்தது. எல்லா நாய்களுக்கும் மாத்திரை, ஆட்டுக் கழிவைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும், எந்த நாயையும் எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாத்திரையைக் கொடுத்து, விஷயத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லலாம் என்று நானே லைனுக்குப் போனேன். மாமியாருக்குச் சொல்லப்போகும் பதிலைக்கூட வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

அக்கா முழுதும் கேட்டாள். செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்:

“அப்ப இது பொழச்சது உங்க படிப்பாலயா டீச்சர், இல்ல அந்தத் தொரை நாயாலயா?”

நான் மாத்திரையைக் கருவாட்டுக்குள் வைத்து நீட்டினேன். செவலை யோசிக்காமல் விழுங்கியது.