பதினைந்து ஆடுகளும் ஒரு சைக்கிளும்

மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளன்று பிற்பகல் மூன்று பத்துக்குச் சின்ன மாமாவுக்குக் கெட்ட நேரம் தொடங்கியது. தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சத்தம் காட்டாமல் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, பண்டா ஹிலிர் ஊர்வலத்துக்குத்தானே? பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடு."

அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை நாள். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்துகொண்டு காஜா பெராங் பகுதியில் எங்கள் பலகை வீட்டிலேயே தங்கியிருந்தார். அக்கா சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாதவர். அதனால் மறுக்கவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டோடு வந்தார்.

"சைக்கிள்ல ஒருத்தரைத்தான் ஏத்த முடியும். யாருன்னு ஆட்டம் சொல்லட்டும்."

எங்கள் வீட்டு ஆடுபுலி ஆட்டத்தில் எப்போதும் மாமாதான் புலி. சிமெண்டுத் தரையில் மலைபோல் ஒரு முக்கோணம் கிழித்து, குறுக்கே கோடு போடுவார். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி அதைத் தாண்டிக் குதித்துத் தின்றுவிடும். எந்தப் புலியும் அசைய முடியாதபடி ஆடுகள் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

அன்று அவர் புதுச் சட்டம் கொண்டுவந்தார். ஆளுக்கு ஐந்து ஆடு. அண்ணனுக்கு ரப்பர் கொட்டை, எனக்குப் புளியங்கொட்டை, தம்பிக்குச் சோடா மூடி. அவரவர் ஆட்டை அவரவரே நகர்த்த வேண்டும். புலிகளை அடைக்கும்போது யாருக்கு ஆடு அதிகம் மிச்சமோ, அவருக்குச் சைக்கிள். அதற்குள் ஆறு ஆடு செத்தால் எல்லாரும் வீட்டில். மாமா தனியே போவார்.

"சரியா? அப்புறம் அக்காகிட்ட போய் அழக்கூடாது."

நாங்கள் ஏன் அழப்போகிறோம்? ஊர்வலம், பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை எல்லாம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தன. அண்ணன் முகம்கூடக் கழுவிவிட்டு வந்தான்.

முதல் ஆட்டம் அவமானமாக முடிந்தது. என் புளியங்கொட்டைக்குப் பின்னால் ஒரு ரப்பர் கொட்டை வந்து நின்றிருந்தால் அது பிழைத்திருக்கும். அண்ணன் பார்த்தும் பாராதவன்போல் தன் ஆட்டை மூலைக்குத் தள்ளினான். அடுத்த முறை அவன் ஆடு மாட்டியபோது நானும் கூரையைப் பார்த்தேன். தம்பியோ தன் மூடிகளை ஓரத்தில் பத்திரமாக அடுக்கிவைத்து, கையால் மறைத்துக்கொண்டான். மாமா நிதானமாகத் தின்றார். ஆறாவது ஆட்டைத் தின்றதும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"முடிஞ்சது. நான் போறேன்லா."

தம்பி ஒரு கூச்சல் போட்டான். உள்ளே கைக்குழந்தையும் விழித்து அழுதது. "என்னடா அங்க சத்தம்?" என்றாள் அம்மா. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தெரு முனையைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொரு ஆட்டம். இதான் கடைசி. சீக்கிரம்!"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூவரும் அடுப்படிக்குள் புகுந்தோம்.

"நீதானே என் ஆட்டைச் சாக விட்ட," என்றேன்.

"நீ மட்டும் என்னவாம்? மேல பார்த்துக்கிட்டு நின்னியே, பல்லியா எண்ணின?" என்றான் அண்ணன்.

"நாம சண்டை போட்டா மாமா சிரிக்கிறாரு," என்றான் தம்பி. ஆறு வயது.

அது உண்மைதான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மூன்று பேருக்கும் ஒரே அளவு ஆடு மிஞ்சினால் மாமா யாரை விட்டுவிட்டுப் போவார்? இந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். இல்லை, தான்தான் என்று அண்ணன் இன்றுவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிவருகிறான்.

இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் ஆடுகள் ஒன்றின் முதுகை ஒன்று காத்தன. மாமாவின் புருவம் ஏறியது. ஒரு ரப்பர் கொட்டை போயிற்று; பிறகு ஒரு புளியங்கொட்டை. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு புலிகள் அடைபட்டுவிட்டன. மூன்றாவதற்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம். இப்போது தம்பியின் முறை.

அவன் அந்த வழியை அடைத்தால் வெற்றி. ஆனால் அவனுக்கு ஐந்து, எங்களுக்கு நான்கு நான்கு. மாமாவும் கணக்குப் போட்டுவிட்டார். குரல் தேனாகியது.

"அடைச்சிடு தம்பி. நீ மட்டும் மாமாவோட ஜாலியாப் போகலாம். ஐஸ் வாங்கித் தரேன்."

தம்பி எங்களைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தால் சட்டப்படி தப்பாகிவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். தம்பி அந்த வழிக்குப் பின்னால் காவல் நின்ற சோடா மூடியையே எடுத்து நேராகப் புலியின் வாய்க்கு முன்னால் வைத்தான்; அதன் பின்னிடம் காலியானது.

அசைய அது ஒன்றுதான் வழி. வேண்டாவெறுப்பாக மாமா அதைத் தின்றார். இனி எல்லாருக்கும் நான்கு. வெளியே வந்த புலி கொஞ்சம் ஓடியது. ஒரு முறை எங்கள் வரிசையில் ஓட்டையும் கண்டது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடைத்தான். நான் பக்கத்து வழியை அடைத்தேன். கடைசி வழியில் தம்பி மூடியை 'டக்' என்று வைத்தான்.

நாங்கள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக் கோழிகள் வேலியேறின. அண்ணன் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினான். நாடு சுதந்திரம் அடைந்த நாளில் நாங்களும் ஒரு புலியைக் கட்டியிருந்தோம். ஏன்டா விட்டுக்கொடுத்தாய் என்று பிறகு கேட்டதற்கு, தனியாகப் போகப் பயமாக இருந்தது என்றான் தம்பி.

"மூணு பேரையும் எப்படி ஏத்துறது?" மாமா கடைசியாக முனகிப் பார்த்தார்.

"நடக்கலாம் மாமா. நீங்க சைக்கிளத் தள்ளிக்கிட்டு வாங்க," என்றான் அண்ணன்.

அம்மா படுத்தபடியே "கையை விட்டுடாதீங்க" என்றாள், அவ்வளவுதான். நேற்று என் மகள் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, "எல்லாரும் கூட்டமாத்தான்மா போனோம்" என்று சொன்னதிலிருந்து எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அத்தனை பெரிய கூட்டத்துக்குள் மூன்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு அம்மா எப்படித்தான் கண்மூடிப் படுத்திருந்தாளோ!

நாங்கள் சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தெரு முனையில் நின்றிருந்த ஓர் அக்கா குடையை மடக்கிக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். பச்சைக் கெபாயா சட்டை, கொண்டையில் பூ. பக்கத்துக் கிராமமான சிட்டி கம்பத்துக்காரர்; அந்தக் காலத் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். எங்கள் சாமியைத்தான் கும்பிடுவார்கள், ஆனால் பேசுவது மலாய். வெயிலில் முகம் சிவந்திருந்தது. மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு, "என் அக்கா பிள்ளைகள்... மூன்று பேரும் வருகிறார்கள்," என்று மலாயில் குழறினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தோம்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்து போனால் தெருவில் வேண்டுமென்றே உரக்கப் பேசுபவர்கள் அவர் ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்கள் வெற்றியைப் பாராட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டு மூவரும் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம். மனத்துக்குப் பிடித்தவரை அழைக்கும் 'அபாங்' என்ற சொல்லோடு அவர் மாமாவிடம் மலாயில் சொன்னது இதுதான்:

"நல்லதாகப் போயிற்று, அபாங். மூன்று பிள்ளைகளோடு நடந்துபோனால் நம்மை யார் என்ன கேட்கப்போகிறார்கள்?"