பொம்மைக்குப் பொருந்திய கவசம்

என் வீட்டின் பின்னறையில் ஓர் ஆணின் மேலுடல் நிற்கிறது. தலை இல்லை, கைகள் இல்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு நாடாவைப் பல அடுக்காகச் சுற்றிச் செய்த பொம்மை அது. மார்பு முப்பத்தெட்டு அங்குலம், இடை முப்பத்து மூன்று. இரண்டும் என் தம்பியின் அளவுகள். அவன் இறந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவனுக்காக நாங்கள் இருவரும் செய்த கவசம் அவன் உடலில் தளரத் தொடங்கியபோது, நான் கவசத்தைத்தான் ஐயுற்றேன். இதை எழுதுவதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அப்போது நாங்கள் தெலுங்கு நாட்டுத் தலைநகரில், மாரெட்பள்ளியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து முதலில் வந்தவள் நான். பேகம்பேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பயனர் கையேடுகளில் பிழை பார்ப்பது என் வேலை. தமிழிலக்கியம் படித்தவளுக்கு ஆங்கிலக் கையேடுகளிடம் என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்களிடம், பிழைக்கு மொழி ஒரு பொருட்டன்று எனப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நான்காண்டுகள் கழித்து என் தம்பி மாதாப்பூரில் நிரல் எழுதும் வேலை கிடைத்து வந்து என்னோடு தங்கினான்.

கல்லூரி நாள்களிலிருந்தே அவன் ஒரு நோட்டில் ஓர் உலகத்தை வரைந்துகொண்டிருந்தான். காற்றில்லாத கோள்; அதன்மேல் கண்ணாடிக் கூரை; கூரைக்கு அடியில் மனிதர்கள். கூரையில் விரிசல் விழும்போது வெளியே சென்று அடைக்கும் பணியாளன் ஒருவன் அந்நோட்டின் பக்கந்தோறும் வருவான். அவனுடைய கவசத்தைச் செய்து, தன் நிறுவனத்தின் ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் அணிய வேண்டும் என்பது என் தம்பியின் ஆசை.

"சண்ட போடுதவனா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, ஓட்ட அடைக்கிறவன். சண்ட போடத்தான் ஊர்ப்பட்ட பேரு இருக்கானுவளே."

முதலாண்டு செய்த கவசம் படுதோல்வி. அளவெடுத்து, செய்தித்தாளில் வடிவம் வெட்டி, அதை நாச்சாரத்தில் வாங்கிய ஃபோம் ஷீட்டில் படியெடுத்தோம். செருப்பின் அடிப்பாகம் வெட்டுவதற்கென்று விற்பது அது. சூடான காற்றை அடித்தால் இளகும்; வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். செருப்புத் தைப்பவர்கள் பூசும் மஞ்சள் பசையால் துண்டுகளை ஒட்டி, மரப்பசையை நீரில் கரைத்து நான்கு முறை பூசி, கார்களுக்கு அடிக்கும் வண்ணத்தை அதன்மேல் அடித்தோம். மேடையேறி அவன் கைகளை உயர்த்தியதும் மார்புக்காப்பு மோவாய்வரை எழும்பியது. இடது முழங்காற்காப்பு கழன்று முன்வரிசையில் விழுந்தது. குனிந்து அதை எடுக்கவும் அவனால் முடியவில்லை. அரங்கம் சிரித்தது. தலைக்கவசத்துக்குள் அவனும் சிரித்துக்கொண்டிருந்தது மேடையோரம் நின்ற எனக்குக் கேட்டது.

"அடுத்த வருசம் ஒரு பொட்டுக் கொற இருக்கக் கூடாது," என்றேன், ஆட்டோவில் திரும்பும்போது.

"தெரியும். நீ இதையும் கையேடாக்காம விடமாட்ட."

உடலை அளந்து செய்வதைவிட உடலின் படியை வைத்துச் செய்வது மேல் என்று இணையத்தில் படித்து வந்தவன் அவன்தான். ஒரு ஞாயிறு முற்பகல் பழைய பனியன் ஒன்றை அணிந்து மொட்டைமாடியில் நின்றான். நான் நாடாவை இழுத்து இழுத்து இடையிலிருந்து கழுத்துவரை சுற்றினேன். குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு. பின்பு முதுகில் கத்தரியால் நேராக வெட்டி, மொத்தத்தையும் சட்டைபோல் கழற்றி, வெட்டிய இடத்தை மீண்டும் ஒட்டி, உள்ளே செய்தித்தாளைத் திணித்தோம். ஒரு கம்பில் நிறுத்தியதும் அங்கே இரண்டு பேர் நின்றார்கள்.

"ஒனக்கு இன்னொரு தம்பி," என்றான். "இவனுக்குச் சோறு போட வேண்டாம், எதுத்தும் பேச மாட்டான். என்ன ஊருக்கு அனுப்பிட்டு இவன வச்சுக்கோ."

"நல்ல யோசனதான். இவனாவது அசையாம நிக்கான்."

அதன்பின், களைத்து வருபவனை நிற்கவைத்துத் தொந்தரவு செய்யத் தேவையிருக்கவில்லை. பொம்மைமேல் வைத்துப் பார்த்தே ஒவ்வொரு துண்டையும் வெட்டினேன். வடிவத்தாள்களில் மார்புக்காப்பு, தோட்காப்பு, முழங்காற்காப்பு என்று எழுதிவைத்தேன். "தோட்காப்பா? மூட்டுவலித் தைலம் பேரு மாதிரில்லா இருக்கு," என்பான். ஞாயிறுதோறும் அவனுக்கு அணிவித்துப் பார்த்து, அளவுகளையும் குறைகளையும் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்தேன்.

ஆகஸ்டில் மார்புக்காப்பு பொம்மைக்குக் கச்சிதமாக அமைந்தது. அவனுக்கு அணிவித்தபோது விலாப்பக்கம் என் விரல் ஒன்று தாராளமாக நுழைந்தது. அளந்தேன், முப்பத்தேழரை.

"ஏல, மூச்ச விட்டு நெஞ்ச ஒடுக்காத."

"ஒடுக்கலக்கா. ஒன் டேப்புதான் பொய் சொல்லுது."

துணிநாடா நாள்பட நீளும்; நீண்டால் அளவைக் குறைத்துக் காட்டும். எனவே புதிய நாடா வாங்கினேன். அடுத்த ஞாயிறு அவனை அது முப்பத்தேழு என்றது. பொம்மையை முப்பத்தெட்டு என்றது. அது மழைக்காலம். உள்ளே திணித்த தாள் ஈரத்தை இழுத்துப் பொம்மை ஊதிவிட்டது என்று முடிவு செய்தேன். தாளையெல்லாம் உருவி எறிந்து, உலர்ந்த பழந்துணியைத் திணித்தேன். பொம்மை முப்பத்தெட்டிலேயே நின்றது. அப்படியானால் குறை வார்களில் இருக்க வேண்டும். தோள்வார் சாய்வாக அமைந்து காப்பை முன்னே இழுக்கிறது போலும். வார்களை இறுக்கினேன், பிரித்து வேறு கோணத்தில் தைத்தேன். பொம்மைக்குச் சரியாக இருக்கும் துண்டில் மட்டும் கைவைக்க மனம் வரவில்லை.

அவன் இட்லியை மீதம் வைத்ததை நான் பார்க்காமல் இல்லை. கேன்டீன் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். செரிமான மாத்திரை வாங்கித் தந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கும் கவசத்துக்கும் இடையிலிருந்த வெளியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் முன்கைக் காப்புக்கு ஷீட் வாங்க இருவரும் நாச்சாரம் போனோம். கடைக்காரர் அங்குள்ள ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் உருது கலந்து வரும்.

"பன்னெண்டு எம்எம் நக்கோ மேடம், அவ்ளோ வளையாது. ஆறு எடுத்துக்குங்கோ," என்றவர் என் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா சார், தபியத் சரியில்லையா? போன தபா வந்ததுல பாதிதான் வந்திருக்கீங்கோ."

"பாதி ஆளுக்குப் பாதி ஷீட்டு போதும்லா அண்ணே. வெட்டுங்க."

"ஹவ், ஹவ்," என்று ஆமோதித்துச் சிரித்தார். கத்தியை எடுத்தவர் வெட்டாமல் என்னிடம் திரும்பினார். "நெஜமா சொல்றேன் மேடம். நெஞ்செலும்பு தெரியுது. டாக்டராண்ட இட்டுனு போங்கோ."

"வேல ஜாஸ்தி அவனுக்கு. விழா முடியட்டும்," என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்தது. மார்புக்காப்பின் நடுவே ஓடும் மடிப்பை நெஞ்செலும்பின்மேல் நேராக உட்காரவைத்தால் தளர்ச்சி தெரியாது என்று ஆட்டோவிலேயே கணக்கிட்டு முடித்தேன். அவன் தலையைக் கம்பியில் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் முப்பத்தைந்தரை. விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்குப் பொறுமை போயிற்று.

"பொம்மைக்குப் பொருந்துது. ஒனக்குத்தான் பொருந்தல. நான் என்னதாம்ல செய்ய?"

அவன் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்புறத்தைத் தடவிப் பார்த்தான். "ஒரு வாரம் என்ட்ட குடுக்கா. நான் பாத்துக்கிடுதேன்," என்றான்.

அடுத்த ஞாயிறு தன் அறையிலிருந்து கவசத்தை அணிந்தபடியே வெளியே வந்தான். பக்கவாட்டுக் கொக்கி மட்டும் மாட்டாமல் இருந்தது. நான் மாட்டினேன். விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தேன், நகம்கூட நுழையவில்லை.

"இப்ப சரியா இருக்கா?"

"இப்பத்தாம்ல சரி! நான் கோணத்த மாத்தித் தச்சேன்லா. வாருதான் குத்தம்."

"ஆமா," என்றான். "வாருதான்."

அன்று நோட்டில் எழுதினேன்: குறை எதுவும் இல்லை.

விழாவில் அவன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினான். ஒரு துண்டும் அசையவில்லை. கூரையில் விரிசலைத் தேடுபவன்போல மெல்ல அண்ணாந்து பார்த்து, மண்டியிட்டு, எழுந்தான். "லோபல எவரு?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள், உள்ளே யாரென்று தெலுங்கில் கேட்டது அது. அவன் தன் மார்புக்காப்பை இரண்டு முறை தட்டிக் காட்டினான். முதற்பரிசு அவனுக்குத்தான். மேடைக்குப் பின்னால் தலைக்கவசத்தைக் கழற்றினேன். உதடு வெளுத்திருந்தது. படியில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை.

நோய் இரைப்பையில் இருந்தது. அங்கே மட்டும் இருக்கவில்லை. எப்போதிலிருந்து உடல் இளைக்கிறது என்று மருத்துவர் கேட்டார். வீட்டார் பலருக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாது போலும். கொஞ்ச நாளாக என்பார்கள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, ஞாயிறு ஞாயிறாக, கால் அங்குலமும் பிசகாமல் என் கையெழுத்தில் இருந்தது. அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். எதற்காக எடுத்த அளவுகள் என்று கேட்டார். சொன்னேன். நோட்டை மூடி, இரு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

சித்திரை பிறப்பதற்குள் அவன் போய்விட்டான். அந்த மூன்று மாதங்களில் கவசத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஒரே ஒருமுறை, நான் அவன் கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, "முழங்காற்காப்பு எங்க விழுந்துச்சு, நெனவிருக்கா?" என்று கேட்டுச் சிரிக்க முயன்றான்.

வீட்டைக் காலிசெய்யும்போது கவசத்தைத் தனியே கட்டினால் நசுங்கும் என்று பொம்மைக்கு அணிவித்து அனுப்ப எண்ணினேன். தோள்வாரை மாட்டினேன். பக்கவாட்டுக் கொக்கியைப் பூட்ட முயன்றேன், எட்டவில்லை. இரண்டு அங்குலத்துக்குமேல் இடைவெளி இருந்தது. இந்தப் பொம்மைமேல் வைத்து நான் வெட்டிய துண்டு அது. மறுபடியும் ஈரம் இழுத்து ஊதியிருக்கிறது என்றுதான் அப்போதும் முதலில் நினைத்தேன். பிறகுதான் கவசத்தைக் கழற்றி உள்ளே கைவிட்டேன்.

அவன் உடற்பயிற்சி செய்யும் நீலப் பாயைத் துண்டு துண்டாக வெட்டி உட்புறம் முழுதும் ஒட்டியிருந்தான். விலாவில் ஐந்தடுக்கு, மார்பில் மூன்று. எலும்பில் உறுத்தாதபடி ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. நான் செய்திருந்தால்கூட அவ்வளவு நேர்த்தியாக வந்திராது. மேலடுக்கு ஒன்றின் ஓரம் பெயர்ந்து நின்றது. அதன் அடியில், எதை எங்கே ஒட்டுவது என்ற நினைவுக்காகப் பென்சிலால் எழுதியிருந்தான்: மார்புக்காப்பு, உள், இடப்பக்கம்.

தன் உடல் குறைந்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேறு எதுவரை தெரிந்திருந்தது என்பதை இனி யாரிடமும் கேட்க முடியாது.

அடுக்குகளைப் பிரித்தெடுத்தால் கொக்கி பூட்டிக்கொள்ளும். பொம்மைமேல் கவசம் முன்போலவே கச்சிதமாக இருக்கும். பெயர்ந்து நின்ற ஓரத்தில் விரலை வைத்தேன். பிறகு மஞ்சள் பசை டப்பாவைத் தேடித் திறந்து, அந்த ஓரத்தில் சிறிது தடவி, ஒட்டும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொம்மை வெறுமையாகவே வண்டியேறியது. கவசத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன்.