மீட்டருக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், காமயகவுண்டன்பட்டியில் நானும் என் கணவரும் மாவு மில் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் மீட்டரை மட்டும் மறந்துவிட்டேன். பூஜை முடிந்து மில்லைச் சும்மா ஓட விட்டபோதுதான் ஞாபகம் வந்தது. முள் அசையாமல் நின்ற இடத்துக்கு நேர் கீழே, கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"ஒரு முழம் பூவும் வச்சு விடேன், லட்சணமா இருக்கும்" என்று அவர் கேலி செய்தார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அதிரசத்துக்கு ஊறவைத்த ஈர அரிசியோடு தெருவே மில்லில் நின்றது. முதலில் நின்ற அக்காவின் மகளுக்குத் தலை தீபாவளி. அரிசி போடுவதற்கு முன் என் கணவர் மில்லை ஓட விட்டார். பார்க்கிறேன், முள் பொட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடுகிறது! "ஏங்க, நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

அவரும் பார்த்தார். "மோட்டார் போச்சு. தேனிக்குத்தான் கொண்டு போகணும். தீபாவளி கழிச்சுத்தான் கெடைக்கும்" என்றார்.

அந்த அக்கா அழாத குறை. "ஏத்தா, மாப்பிள்ளை நாளைக்கே வந்துருவாகளே! அரிசி புளிச்சுப் போகுமே, நான் எங்கன போவேன்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "மோட்டார்தான்னு யாரு சொன்னா? மில்லுக்குப் போற பெல்ட்டக் கழட்டிட்டு மோட்டார மட்டும் ஓட விடுங்க" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே கழற்றி, மோட்டாரை ஓட விட்டார். இழுக்கப் பாரம் இல்லாததால் முள் பொட்டுக்கும் கீழே இறங்கி, கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. பாவம், மோட்டார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது! கோளாறு அது இழுத்த மில்லில். திறந்தால், அரவைக்கல்லின் தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்து கிடந்தது. அப்படியே அரைத்திருந்தால் கல் சிதறி, பக்கத்தில் நிற்கும் இவரைத்தான் முதலில் அடித்திருக்கும்.

கம்பத்துக்குச் சைக்கிளில் பறந்துபோய்ப் புது பேரிங் வாங்கி வந்து மாட்டினார். முள் மறுபடியும் பொட்டுக்கு நேரே வந்து நின்றதும் தெருவே கை தட்டியது. இருட்டுவதற்குள் எல்லாருடைய அரிசியும் மாவாகிவிட்டது. தீபாவளியன்று அந்த அக்கா மகளும் மாப்பிள்ளையும் வந்து அதிரசம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு நான் குங்குமச் சிமிழைத் திறப்பதற்குள் அவரே மீட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "மொதப் பொட்டு இங்கன வையி" என்றார்.

இன்றைக்கும் வீட்டில் யாராவது எரிந்து விழுந்தால் உடனே அவர்கள்மேல் பழி போடமாட்டேன். எதை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்களோ என்றுதான் முதலில் பார்ப்பேன்.