தியெனெத் கேட்டு வாங்கிய ராஜ ஆணை

தியெனெத் வாஸ்லோவின் வாய் சேன்-மர்செல் பேட்டை முழுக்கப் பிரசித்தம். பியேவ்ர் ஆற்றங்கரையில் மாட்டுக் குடலைக் கழுவி, வேகவைத்து, தள்ளுவண்டியில் வைத்துப் பாரீஸ் தெருக்களில் கூவி விற்கிறவள். மீன்காரிகளே அவளைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மிச்சமிருந்தது பதினேழு வயசில் ஒரே பெண், பெரின்.

அந்தப் பெண் பட்டாளத்தில் முரசடிக்கும் ஒருத்தனோடு சுற்ற ஆரம்பித்தாள். தாய் விறகுக்கட்டையால் சாத்தினாள். "நீ இந்தக் குடலோடயே கெட, நான் அவன்கூடப் போறேன்" என்று கதவை அறைந்துவிட்டுப் போனவள் மறுநாள்தான் வந்தாள். தியெனெத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேறு என்ன செய்வாள்? எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தாள். பெற்ற பிள்ளை அடங்காவிட்டால் ராஜாவுக்கு ஒரு மனு, ராஜா பேரில் ஒரு ஆணை, பிள்ளை அடைப்பு விடுதிக்குள்ளே. வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது, குடும்ப மானமும் போகாது. அந்த ராஜாவுக்கு அப்போது ஒன்பது வயசுதான். அவர் பேரில் கையெழுத்துப் போட அரண்மனையில் ஒரு கூட்டமே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்து வளைவுக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதும் ஃபிலிபோவிடம் போனாள். மேலே பரணில் மண்டையோடுகள் அடுக்கியிருக்கும். அவன் பாட்டுக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"பொண்ணு முரசுக்காரன்கூடச் சுத்துறான்னு எழுதினா, அரண்மனையில அதுல மூக்கைச் சிந்திப் போட்டுடுவான்மா. திருடுவாளா?"

"சீச்சீ! என் பொண்ணா?"

"உன்மேல கை நீட்டியிருக்காளா?"

"கதவை அறைஞ்சிட்டுப் போனா."

"அப்போ கை நீட்டினான்னே போடறேன். திருட்டையும் சேத்துக்கறேன். காரம் இல்லேன்னா மனு எடுபடாது."

"எத்தனை நாள் வெச்சிருப்பாங்க?"

"'திருந்தும் வரை'ன்னு போடுவாங்க. ரெண்டு மாசத்துல கொழுப்பு அடங்கிடும். நீயே போய்க் கூட்டிட்டு வந்துடு."

தியெனெத் கொஞ்சம் யோசித்தாள். கொஞ்சம்தான். பிறகு பேனாவை வாங்கி ஒரு கோணல் சிலுவை போட்டாள். அக்கம்பக்கத்தார் சாட்சிக் கையெழுத்துப் போட ஓடி வந்தார்கள். அடுத்தவன் வீட்டுப் பெண்ணைத் திருடி என்று சொல்ல எவனுக்குத்தான் கசக்கும்? முதலில் போட்டவள் மெழுகுவத்திக்காரி ஜில்லோன். கடைசியில் பங்குச் சாமியார்.

ஏப்ரலில் ஒரு காலை அதிகாரி வண்டியோடு வந்தார். "பெத்தவங்க கண்ணுல படாம இருக்கறதுதான் நல்லது" என்றார். தியெனெத் குடல் அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மா! அம்மா, இங்க வாயேன்! யாரோ என்னை இழுத்துட்டுப் போறாங்க!" என்று பெரின் தெருக்கோடி வரை கத்திக்கொண்டே போனாள். பாவம், அம்மா வீட்டில் இல்லை என்றே நினைத்திருப்பாள்.

ஒரு வாரம் தியெனெத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "என் வீட்டு விவகாரத்துக்கு ராஜாவே கடுதாசி எழுதியிருக்கார், தெரியுமா?" என்று வண்டி தள்ளுகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். ரெண்டாவது மாசம் பீற்றல் நின்றது. சோற்றுக்கு உட்கார்ந்தால் எதிரில் ஆள் இல்லை. யாரிடம் சண்டை போடுவது? வீடு வெறிச்சென்று கிடந்தது. ஃபிலிபோவிடம் ஓடினாள்.

"முன்ன சாட்சி சொன்ன அத்தனை பேரும் 'திருந்திட்டா'ன்னு கையெழுத்துப் போடணும்மா. ஒருத்தர் குறைஞ்சாலும் நடக்காது."

ஜில்லோன் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள். "அவ திருந்தினது எனக்கெப்படித் தெரியும்? உள்ள போய்ப் பாத்தேனா? நாளைக்கு அவ திருடினா, ராஜாகிட்ட பொய் சொன்னேன்னு என்னையில்ல தூக்கிட்டுப் போவாங்க?"

"ஜில்லோன் அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"இப்பதான் அக்காவா? என் மெழுகுவத்தி செத்த எலி நாத்தம் அடிக்குதுன்னு சந்தையில கூவினியே, அந்த வாய் எங்கடி? இங்கயே மண்டி போடு. 'என் வாய் அழுகின வாய்'னு எல்லாரும் கேக்கறாப்ல மூணு தரம் சொல்லு."

தியெனெத் சேற்றில் மண்டி போட்டாள். மூன்று தரம் சொன்னாள். தெருவே கூடி நின்று சிரித்தது. "சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்று ஜில்லோன் உள்ளே போய்விட்டாள். யோசிக்க அவளுக்கு ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் ஓசிக் குடலாகத் தின்று தீர்த்தாள், சண்டாளி. கடைசியில் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்துச் சாமியாரும் போட்டார். புது மனு செப்டம்பரில்தான் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் அரண்மனைக்கு வேறு யோசனை வந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் மிசிசிப்பி என்று ஒரு காடு இருக்கிறதாம், குடியேற ஆள் வேண்டுமாம். அடைத்து வைத்த பெண்களில் தாளில் 'திருடி' என்று எழுதியிருந்தவர்களைப் பொறுக்கி, சிறையிலிருந்த ஆண்களோடு ஒரே நாளில் கோவிலில் ஜோடி ஜோடியாய்க் கல்யாணம் முடித்தார்கள். மறுநாளே கப்பலுக்கு. சந்தையில் சேதி கேட்டதும் தியெனெத் வண்டியைப் போட்டது போட்டபடி கைதி வண்டிகள் போகிற சேன்-ழாக் சாலைக்கு ஓடினாள்.

மூன்றாவது வண்டியில் வைக்கோல்மேல் பெரின் உட்கார்ந்திருந்தாள். தலையில் கல்யாணத்துக்குக் கட்டிவிட்ட மஞ்சள் நாடா. இடுப்புச் சங்கிலியின் மறுமுனையில் மூக்கு அறுந்த ஒரு கிழவன், நேற்று வந்த புருஷன். கூட்டத்தில் தாயைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததே, ஐயோ!

"அம்மா! ஏய், பாருங்கடி, எங்கம்மா! தெரிஞ்சா சுவத்தை இடிச்சிட்டு வருவான்னு நான் சொன்னேன்ல!"

தியெனெத் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணு ஐயா! ஒண்ணும் அறியாதவ! திருடி இல்லை, விட்டுடுங்க!"

காவலுக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷன், கோபிக்கவில்லை. காகிதக் கட்டைப் புரட்டி உரக்க வாசித்தார். "பெரின் வாஸ்லோ. திருட்டு. தாயை அடித்தது. அடைத்து வைக்கும்படி மனுச் செய்தவர், தாய் தியெனெத் வாஸ்லோ." தலையை நிமிர்த்தினார். "அது நீங்கதானேம்மா?"

பேட்டையையே நடுங்கவைத்த வாயைத் தியெனெத் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நீயாம்மா?" என்றாள் பெரின்.

"ரெண்டே மாசம்னாங்கடி... அவன்தான், அந்த எழுதறவன்..."

பெரின் கிழவன் பக்கம் திரும்பி, "வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றாள். தியெனெத் நகரத்துச் சுங்கவாசல் வரை பெயரைச் சொல்லி அலறிக்கொண்டே கூட ஓடினாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து நாலாம் நாள் ராஜ ஆணை வந்தது. தாயின் வேண்டுகோளுக்கு இரங்கி, பெரின் வாஸ்லோவை அவள் வசம் ஒப்படைக்கவேண்டியது. தியெனெத் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடைப்பு விடுதி வாசலுக்குப் போய் நின்றாள். மறுநாளும் போய் நின்றாள்.